குழந்தைகள் ஏறி ஓட்டும் வண்டிகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நடைவண்டி, மூன்று சக்கர சைக்கிள், பெடல் இல்லாத பேலன்ஸ் சைக்கிள், பேட்டரி கார் என்று குழந்தைகள் ஏறி ஓட்டும் வண்டிகள் இன்று பல வகையாகக் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்ற கேள்வியும், ஆசையாக வாங்கி வந்ததில் குழந்தை ஏற மறுக்கிறதே என்ற கேள்வியும் பெரும்பாலும் ஒரே வீட்டில் ஒரு வார இடைவெளியில் எழுகின்றன. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தன்னால் நிறுத்த முடிகிற வண்டியைக் கண்டு குழந்தை நெடுநாள் பயப்படுவதில்லை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருப்பதைக் காணலாம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயது, விழுங்கக்கூடிய சிறு பாகங்கள் உண்டா, வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்பன போன்றவற்றைக் கருதித் தயாரிப்பாளர் குறிப்பது. அந்த வயதுக்கு முன்னால் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த வயதை எட்டிய எல்லாக் குழந்தைகளுக்கும் வண்டி பொருந்திவிடும் என்று அதற்குப் பொருளில்லை.

பிடிப்பில்லாமல் நிமிர்ந்து உட்காரவும், தடுமாறாமல் நாலடி நடக்கவும் தெரிந்த பிறகு, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை வயதில், காலால் தரையை உந்தி நகர்த்தும் தாழ்வான நாலு சக்கர வண்டி ஏற்றது. பேலன்ஸ் சைக்கிளின் சீட்டில் உட்கார்ந்தபடி நடந்து போகச் சில குழந்தைகள் இரண்டு வயதுக்கு முன்பே பழகிவிடுகிறார்கள். பெடலை மாற்றி மாற்றி மிதிப்பது கொஞ்சம் சிக்கலான வேலை. ஒரு கால் அழுத்தும்போது இன்னொரு கால் தளர வேண்டும், அதே நேரத்தில் கை திருப்ப வேண்டும், கண் முன்னால் பார்க்க வேண்டும். மூன்று வயதையொட்டித்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது கைவருகிறது. ஆகவே முதல் பிறந்தநாளுக்குப் பெடல் வைத்த மூன்று சக்கர சைக்கிளைப் பரிசாகக் கொண்டுவரும் மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதைப் பரண் மேல் வைப்பதில் தவறில்லை.

நடைவண்டியும் வாக்கரும் ஒன்றுதானே?

இரண்டும் ஒன்றல்ல. மரத்தால் செய்த மூன்று சக்கர நடைவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் சீட் வைத்து, சுற்றிலும் வளையம் போட்டு, அடியில் உருளைகள் பொருத்திய வாக்கரில் குழந்தை உட்கார்ந்துகொண்டு கால்நுனியால் தரையைக் கீறியபடி விரைகிறது. அதில் நடை பழகுவதில்லை. படிக்கட்டு, அடுப்பு, மேசை விரிப்பின் தொங்கும் நுனி ஆகியவற்றைப் பெரியவர்கள் எழுந்து வருவதற்குள் எட்டிவிடும் வேகம்தான் கிடைக்கிறது. படியில் உருண்டு தலையில் அடிபடுவது இதனால் நேரும் பெரிய ஆபத்து. கனடா 2004-இல் இந்த வாக்கரை விற்பதையே தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் நெடுங்காலமாகத் தடை கோரி வருகிறது. நம் ஊரில் இது இன்னும் கடைவாசலில் தொங்குகிறது. வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

நடைவண்டியிலும் ஒரு குறை உண்டு. இன்று கிடைப்பவற்றுள் பல மிகவும் லேசானவை. டைல்ஸ் தரையில் குழந்தை சாய்ந்த மாத்திரத்தில் வண்டி முன்னே ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். கீழ்ச்சட்டத்தின் மேல் ஒன்றிரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டு இறுகக் கட்டிவிட்டால் ஓட்டம் அடங்கும். இரண்டு வாரம் கழித்துப் பையை அவிழ்த்துவிடலாம்.

அளவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

வயதையும் மொத்த உயரத்தையும்விடக் கால் உயரம்தான் முக்கியம். குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை இரு தொடைகளுக்கும் நடுவே, முதுகுப்பகுதி மேலே இருக்கும்படி செருகி, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அந்த அளவுக்கு மெல்ல மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரமே உங்களுக்கு வேண்டிய அளவு. சீட்டின் உயரம் அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். கால் உயரம் 33 செ.மீ. என்றால் சீட் 30 அல்லது 31 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிந்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். குழந்தைக்கு அந்த வண்டியில் பிரேக் என்பது அந்தப் பாதங்கள்தான்.

‘அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்’ என்று பள்ளிச் சீருடை எடுப்பதைப் போல வண்டி வாங்குவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். சீருடை தொளதொளவென்று இருந்தால் மடித்துத் தைக்கலாம், ஆனால் கால் எட்டாத சைக்கிளில் குழந்தை அந்த ஒரு வருடத்தைப் பயத்தோடு கழிக்கிறது, அல்லது ஓட்டாமலே விடுகிறது.

எடையையும் கடையிலேயே தூக்கிப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய 18 கிலோ. கேரியர், கூடை, பக்கச் சக்கரம் எல்லாம் சேர்ந்த இரும்புச் சைக்கிள் பத்து கிலோ இருந்தால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 33 கிலோ சைக்கிளை ஓட்டுவதற்கு அது சமம். வண்டியின் எடை குழந்தையின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. கேரியரையும் கூடையையும் கழற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்று சக்கரமா, பேலன்ஸ் சைக்கிளா, பக்கச் சக்கரம் வைத்த சைக்கிளா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று சக்கர சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும், ஏறும்போது சாயாது, பெடல் மிதிக்கக் கற்றுத் தரும். ஆனால் சமநிலையைக் கற்றுத் தராது. வேகமாகத் திருப்பினால் வண்டி வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். அதனால் சீட் தாழ்வாகவும் பின்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அகலமாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு மூன்று சக்கர சைக்கிள்களில் பெடல் முன்சக்கரத்தோடு நேராகப் பொருத்தப்பட்டிருக்கும், தனியாகப் பிரேக் இருக்காது. சரிவில் இறங்கும்போது சக்கரம் சுற்றச் சுற்றப் பெடலும் வேகமாகச் சுற்றும், குழந்தை பயந்து காலை மேலே தூக்கிவிடும், பிறகு வண்டியை நிறுத்த அதற்கு வழியே இல்லை. சமதரையில் மட்டுமே ஓட்ட வேண்டிய வண்டி இது.

பக்கச் சக்கரம், அதாவது ‘சைடு வீல்’ வைத்த சைக்கிள் நம் ஊரில் பெரும்பாலோர் வாங்குவது. இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது திரும்பும் பக்கமாகச் சாய வேண்டும். பக்கச் சக்கரம் அந்தச் சாய்வைத் தடுத்துவிடுகிறது. ஆகவே குழந்தை இரண்டு வருடம் ஓட்டினாலும் சைக்கிளைச் சாய்க்கும் வித்தையை மட்டும் கற்காமல் இருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களைக் கழற்றியதும் முதல் நாள் போலவே தடுமாறும். அதற்குள் ‘எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்’ என்ற பெருமையும் வந்திருக்குமாதலால் அழுகை இரட்டிப்பாகும்.

பேலன்ஸ் சைக்கிளில் பெடலும் செயினும் கிடையாது. குழந்தை சீட்டில் உட்கார்ந்து நடக்கிறது, பிறகு ஓடுகிறது, பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு மிதந்து போகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய, சைக்கிளின் மூதாதையான மரவண்டிக்கும் பெடல் கிடையாது. காலால் உந்தித்தான் அவரும் போனார். உலகம் சைக்கிள் கற்றுக்கொண்ட வரிசையும் இதுதான்: முதலில் சமநிலை, பல பத்தாண்டுகள் கழித்துப் பெடல். குழந்தைக்கும் இதே வரிசை எளிதாக இருக்கிறது. பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை, ஏனென்றால் எந்த நொடியிலும் காலைத் தரையில் ஊன்றிவிடலாம்.

தனியாகப் பேலன்ஸ் சைக்கிள் வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே 12 அல்லது 14 அங்குலச் சைக்கிள் இருந்தால் பக்கச் சக்கரங்களையும் இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டு, சீட்டைக் கால் எட்டும்வரை இறக்குங்கள். பெடலைக் கழற்றும்போது ஒரு நுணுக்கம்: வலப்பக்கப் பெடல் வழக்கமான மரை உள்ளது, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, கடிகார முள் சுற்றும் திசையிலேயே திருக வேண்டும். இது தெரியாமல் ஸ்பேனரை முழுப் பலத்தோடு மறுபக்கம் இழுத்து மரையைக் கெடுத்தவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன். கழற்றிய பெடல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், அவை மறுபடி தேவைப்படும்.

பேட்டரி கார் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதை விளையாட்டுப் பொருளாக மட்டும் கருதுங்கள். அதில் குழந்தையின் காலுக்கோ சமநிலைக்கோ வேலையில்லை. சிறு குழந்தைக்கு 6 வோல்ட் வண்டியே போதுமானது. 12 வோல்ட் வண்டி பொதுவாகக் கூடுதல் வேகமுள்ளது, வீட்டு வரவேற்பறைக்கு அது அதிகம். பெரியவர் கையில் ரிமோட் இருப்பதும், அதிலுள்ள நிறுத்தும் பொத்தான் குழந்தை மிதிக்கும் மிதியை மீறி வேலை செய்வதும் அவசியம். கடையிலேயே ஓட விட்டு நிறுத்திப் பாருங்கள்.

இவற்றில் பெரும்பாலும் மூடிய வகை ஈய-அமில பேட்டரிதான் இருக்கும். சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அது கெட்டுப்போகும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் முழுமையாகச் சார்ஜ் செய்துவிட்டு, ஓட்டாத மாதங்களிலும் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும், சார்ஜ் ஏறும்போது குழந்தை வண்டியில் உட்காரக் கூடாது.

பேட்டரி கார் மட்டுமல்ல, பாட்டுப் பாடும் ஸ்டியரிங் கொண்ட எந்த வண்டியிலும் பொத்தான் வடிவச் சிறு பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். அப்படி ஐயம் எழுந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

‘மேஜிக் கார்’ என்று விற்கிறார்களே, அது எப்படி?

ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டினால் ஓடும் அந்த வண்டிக்குப் பேட்டரியும் வேண்டாம், பெடலும் வேண்டாம். வழவழப்பான சமதரை இருந்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு நல்ல விளையாட்டு. சொரசொரப்பான சிமென்ட் தரையில் அது நகர மறுக்கும் என்பதை மட்டும் வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியமா? கடையில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொதுவான பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644 ஆகியவை உரிய தர அளவுகள். முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். முத்திரையை மட்டும் போலியாக அச்சடிப்பது எளிது என்பதால், இந்த அரை நிமிட வேலையைச் சோம்பலின்றிச் செய்வது நல்லது.

பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே திருவிழாக் கடையில் வாங்கும் மர நடைவண்டியில் முத்திரை இல்லாமல் இருக்கலாம், அதனாலேயே அது மோசமானது என்று ஆகிவிடாது. அங்கே உங்கள் கைதான் சோதனைக்கூடம். மரத்தின் மேல் உள்ளங்கையைத் தேய்த்துச் சிலாம்பு குத்துகிறதா என்று பாருங்கள். ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டக் கூடாது, ஏனென்றால் அந்தக் கைப்பிடி நாளைக்குக் குழந்தையின் வாயில்தான் இருக்கும்.

எந்த வண்டியானாலும் கடையில் வைத்தே சீட்டின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், எதிர்ப்பக்கச் சக்கரம் சட்டென்று எழும்பினால் அது கவிழும் வண்டி. ஹேண்டிலை முழுவதுமாக இருபக்கமும் திருப்பி, நடுவில் விரல் நசுங்கும் இடுக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். செயின் இருந்தால் அது முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். ஹேண்டில் நுனியிலுள்ள ரப்பர் பிடியை இழுத்தால் கையோடு வரக் கூடாது. அது கழன்றுவிட்டால் வெறும் இரும்புக் குழாய்தான் விழும்போது குழந்தையின் வயிற்றில் குத்தும்.

உறவினர் கொடுத்த பழைய வண்டியைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளிறிப்போய், அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தமிட்டால் அதை விட்டுவிடுங்கள். துரு ஏறிய இரும்புச் சைக்கிளை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்க விரும்பினால், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடும் என்பதால் ஈரப்படுத்தித் தேய்த்து, தூளைக் குழந்தை அண்டாத இடத்தில் அப்புறப்படுத்த வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. பட்டறையில் மீந்த பெயிண்டை வாங்கி அடிக்க வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம்.

வண்டியைக் கண்டாலே குழந்தை அழுகிறது. எப்படிப் பழக்குவது?

என் தங்கை மகளுக்கு இரண்டரை வயதில் பேலன்ஸ் சைக்கிள் வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைப் பிரித்த அன்று வீட்டில் ஏழு பேர் இருந்தோம், மூன்று பேர் கையில் செல்போன். ‘உட்காரு, உட்காரு’ என்று ஆளுக்கொரு பக்கம் சொல்ல, அவள் பாட்டியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சைக்கிள் ஒரு வாரம் கூடத்தின் மூலையில் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் அதன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் தன் கரடி பொம்மையைச் சீட்டில் உட்கார வைத்து, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு சமையலறை வரை போனாள். ஒரு நாள் மாலை கரடியை இறக்கி வைத்துவிட்டுத் தானே காலைத் தூக்கிப் போட்டாள். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், சும்மா இருந்தது.

பயப்படும் குழந்தை பெரும்பாலும் வண்டியைக் கண்டு பயப்படுவதில்லை. ஏறிய பிறகு என்ன நடக்கும், யார் தள்ளுவார்கள், எப்போது நிற்கும் என்று தெரியாததால் பயப்படுகிறது. ஆகவே ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முன்பு நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். இதை விளையாட்டாகவே செய்யலாம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ‘கோட்டுக்கு வந்ததும் நில்’ என்று சொல்லுங்கள், அல்லது நீங்கள் கை தட்டினால் போக வேண்டும், தட்டு நின்றால் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரம் கழித்துத் தட்டும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நடந்து நில்லுங்கள். நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு குழந்தைகள் காட்டும் துணிச்சல் பெற்றோருக்கே கவலை தருமளவுக்கு இருக்கும்.

பிடிக்கும் முறையிலும் கவனம் தேவை. ஹேண்டிலைப் பெரியவர் பிடித்தால் திருப்புவது யார் என்று குழந்தைக்குக் குழப்பம் வரும். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்தால் நீங்கள் இருப்பதே அதன் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் நடந்தபடி, அக்குளுக்கு அடியிலோ தோளிலோ லேசாகக் கையை வைத்திருப்பது நல்லது. இன்னும் நல்லது, நாலடி முன்னால் குனிந்து நின்று வரவேற்பது. குழந்தை நம் முகத்தைப் பார்த்து வரும்போது தலை நிமிர்கிறது, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு தடுமாறும் வழக்கம் குறைகிறது.

முதல் நாட்களில் பத்து நிமிடம் போதும். அலுப்பு வந்த பிறகு நிறுத்தினால் அழுகையோடு முடியும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும்போதே நிறுத்தினால் மறுநாள் அதுவே செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டுகிறான் பார் என்ற ஒப்பீட்டை அறவே தவிர்க்க வேண்டும்.

பிடித்திருக்கும் கையைச் சொல்லாமல் விட்டால் குழந்தை தானே ஓட்டிவிடுமாமே?

நம் தலைமுறையில் பலர் அப்படித்தான் கற்றோம். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தவர்களும் நம்மில் உண்டு. முழங்காலில் அதற்கான தழும்பும் உண்டு. அப்பா ‘பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே பின்னால் நின்றுவிட்டது நமக்கு இன்று வேடிக்கையான நினைவு. ஆனால் திரும்பிப் பார்த்து அவர் தூரத்தில் நிற்பதைக் கண்டு விழுந்த பிறகு, மறுபடி ‘பிடித்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொன்னதை எத்தனை பேர் நம்பினோம்? பயந்த குழந்தையிடம் இந்த உத்தி வேண்டாம். ‘அந்தத் தூண் வரைக்கும் பிடிப்பேன், அங்கே விட்டுவிடுவேன், விடட்டுமா?’ என்று கேட்டு, அது தலையசைத்த பிறகு விடுங்கள். வேண்டாம் என்றால் விடாதீர்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

ஓடிப்போய்த் தூக்கும் முன் ஒரு நொடி அதன் முகத்தைப் பாருங்கள். பல நேரங்களில் நம் முகத்திலுள்ள பதற்றத்தைப் பார்த்த பிறகுதான் அழுகை தொடங்குகிறது. சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், காபித்தூள் வைப்பது வேண்டாம். அன்றைக்கே மறுபடி ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தலையில் அடிபட்டிருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நினைவிழப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எங்கே ஓட்ட விடுவது?

வாகன நிறுத்துமிடம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் இடம், அதிக ஆபத்தான இடமும் அதுதான். மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்த குழந்தையின் தலை ஒரு காரின் பின்கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கும். பின்னால் எடுக்கும் ஓட்டுநருக்கு அது தெரியாது. அங்கே ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வண்டிகள் வெளியே போயிருக்கும் நண்பகலுக்கு முன்பான நேரத்தில், பெரியவர் ஒருவர் வாயிற்பக்கம் நின்றுகொள்ள வேண்டும். தெருவிலிருந்து இறங்கும் சாய்தளத்துக்கு அருகே வண்டி போகவே கூடாது.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தாலும், வண்டியின் சீட் மேல் ஏறி நின்றால் அது உயரமாக இருக்காது. அந்த வண்டியே ஏணியாகிவிடும். மாடியில் ஓட்டினால் நீங்கள் கூடவே இருக்க வேண்டும், முடிந்ததும் வண்டியைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். தனி வீடாக இருந்தால் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் வாசற்படியையும் பாருங்கள்.

உடை விஷயத்தில் நம் வீடுகளுக்கே உரிய சில கவனங்கள் உண்டு. பட்டுப்பாவாடையின் ஓரமும், நீளமான துப்பட்டாவும், தொங்கும் நாடாவும் சக்கரத்தில் சிக்கும். கொலுசு சைக்கிள் கம்பியில் மாட்டும், அதன் மணி உதிர்ந்தால் வாய்க்குப் போகும். ஓட்டும் நேரத்துக்கு அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, விரலை மூடும் செருப்போ ஷூவோ போட்டுவிடுங்கள். காலால் பிரேக் போடும் வண்டியில் வெறுங்காலோடு ஓட்டினால் பெருவிரல் நகம் பெயரும்.

ஹெல்மெட் வேண்டுமா?

கூடத்தில் தாழ்வான வண்டியை உருட்டும் குழந்தைக்கு வேண்டாம். பேலன்ஸ் சைக்கிள், ஸ்கூட்டர், சைக்கிள் என்று இரண்டு சக்கரத்துக்கு வந்ததும் முதல் நாளிலிருந்தே வேண்டும், பழக்கமாகிவிட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு, நெற்றியை மூடியபடி நேராக உட்கார வேண்டும். நாடியின் கீழ் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் போதும். சறுக்குமரத்திலோ ஊஞ்சலிலோ ஏறும் முன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் தலை இடுக்கில் மாட்டிக்கொண்டால் அந்தப் பட்டை கழுத்தை இறுக்கும்.

மூன்றரை வயதாகியும் பெடல் மிதிக்கவில்லை. கவலைப்பட வேண்டுமா?

பெடல் மட்டும்தான் வரவில்லை என்றால் பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. ஓட்ட இடமும் வாய்ப்பும் இல்லாத குழந்தைக்கு அது தாமதமாகவே வரும். ஆனால் படி ஏறத் திணறுவது, ஓடும்போது அடிக்கடி விழுவது, தரையிலிருந்து எழுவதற்குக் கையைத் தொடையில் ஊன்றுவது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமற்போவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளும் முதுகுச் சாய்வும் இடைப்பட்டையும் உள்ள மூன்று சக்கர வண்டியில் மகிழ்ச்சியாக ஓட்டுகிறார்கள். எது பொருந்தும் என்பதை இயன்முறை மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ பார்த்துச் சொல்வார். நழுவுகிறதே என்று பாதத்தைப் பெடலோடு துணியால் கட்டுவதை மட்டும், அவர்கள் சொல்லாமல், செய்ய வேண்டாம்.

பெடல் சைக்கிளுக்கு எப்போது மாறலாம்?

பேலன்ஸ் சைக்கிளில், அல்லது பெடலைக் கழற்றிய சைக்கிளில், குழந்தை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் மிதந்து போய், ஒரு வளைவையும் திரும்பிவிட்டு, சொன்ன இடத்தில் நிறுத்தினால் தயாராகிவிட்டது என்று பொருள். வயது மூன்றரையாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். கைப்பிரேக்கை அழுத்தும் பலம் விரல்களுக்கு இருக்கிறதா என்று நிற்கும் சைக்கிளில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். சீட்டை உடனே உயர்த்த வேண்டாம், பாதம் தரையில் படும் உயரத்திலேயே இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும். பிஸ்கட் டப்பாவிலிருந்து பெடல்களை எடுத்து, இடம் வலம் பார்த்து, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகிய பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். இடப்பக்கத்தது இப்போதும் தலைகீழ்தான்.